எல்லாக் கதிரையும் வீரர்களே அறுத்ததில்லை

மகளே,

உன் கடிதம் கிடைத்தது. பழைய ஆங்கிலம் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்ததும் மனம் நிறைந்துவிட்டது. ‘கெம்ப் என்றால் என்ன பெரியப்பா? அகராதியில் வீரன் என்று போட்டிருக்கிறது. பக்கத்திலேயே பழைய வழக்கு என்றும் போட்டிருக்கிறது. அவ்வளவுதானா?’ என்று கேட்டிருக்கிறாய்.

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இத்தனை நீளமாக எழுத உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு வருஷம் கல்லூரியில் ஆங்கில மொழி வரலாறு நடத்தினேன். அத்தனை வருஷத்தில் இந்த ஒரு சொல்லில் மட்டும் நான் சறுக்கிய இடங்களே பல. விழுந்தவனுக்குத்தான் வழியில் எங்கே பள்ளம் என்று தெரியும். நான் விழுந்த பள்ளங்களை வரிசையாகச் சொல்கிறேன். நீ விழவே கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. விழுந்தால் சீக்கிரம் எழுந்துகொள்ள உதவுமே என்றுதான்.

1. பொருள் கிடைத்ததும் புத்தகத்தை மூடாதே.

‘வீரன்’ என்று தெரிந்தது வாசற்படி. வீட்டுக்குள் போக வேண்டாமா? கல்லூரி வளாகத்தைக் கேம்பஸ் என்கிறோம் அல்லவா, கெம்ப் அந்தச் சொல்லின் வழிவந்தது. லத்தீனில் அதற்குத் திறந்தவெளி, களம் என்று பொருள். ரோமானியரோடு பழகிய ஜெர்மானியக் குடிகள் அதைக் கேட்டு, போருக்கே பெயராக்கிக்கொண்டார்கள். களத்தில் நிற்பவன் பழைய ஆங்கிலத்தில் கெம்பா ஆனான். அதே லத்தீன் வேரிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக, நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த 1066-க்குப் பின் வந்து சேர்ந்ததுதான் சாம்பியன். ஒரு வயிற்றில் பிறந்த அக்காவும் தங்கையும் போல இரண்டும். மூத்தவள் சாக்சன் குடிசையில் வாழ்க்கைப்பட்டாள், இளையவள் பிரபுவின் மாளிகைக்கு மருமகளாக வந்தாள். இன்று உலகமே இளையவளைக் கொண்டாடுகிறது. மூத்தவளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் பத்து வருஷம் நான் ‘கெம்ப் என்றால் வீரன்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். வாசற்படியிலேயே நின்று வீட்டை விவரித்த மாதிரி.

2. சொல்லை வாயால் சொல்லிப் பார்.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ஸீ எழுத்தில் தொடங்கும். ஸீக்குப் பின்னால் ஈ எழுத்து வந்தால் பெரும்பாலும் ‘ச’ ஒலி. நானும் விதியை நம்பிச் ‘செம்பா’ என்றே பல வருஷம் நடத்தினேன். ஒரு கருத்தரங்கில் முதிய பேராசிரியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, ‘அது கெம்பா, தம்பி. அங்கே இருப்பது பிறவி எகரம் இல்லை, அகரம் திரிந்து வந்த எகரம்’ என்றார். ஒருமையில் மேன் என்பது பன்மையில் மென் ஆகிறதே, அதே திரிபு. பின்னால் வந்த அசையில் இருந்த இகரச் சாயல் முன்னால் இருந்த அகரத்தை எகரமாக இழுத்துவிட்டது. அந்த இழுப்புக்கு முன்பே ககரம் அங்கே உறுதியாக உட்கார்ந்துவிட்டதால் அது சகரமாகவில்லை. பிற்காலத்து எழுத்தர்கள் குழப்பம் தீரக் கே போட்டு எழுதினார்கள். அவர் சொன்ன அன்று எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் தனியே அழைத்துச் சொன்னதன் அருமை வீடு வந்த பிறகுதான் உறைத்தது. திருத்துகிறவர் எப்படித் திருத்துகிறார் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள். நாளைக்கு நீயும் ஒருவரைத் திருத்த வேண்டிவரும்.

3. முகச்சாடையை வைத்து உறவு சொல்லாதே.

தலை கலைந்து, பார்க்க அலங்கோலமாய் இருப்பவனை ஆங்கிலத்தில் அன்கெம்ப்ட் என்பார்கள். ‘கெம்ப் என்றால் வீரன், ஆகவே அன்கெம்ப்ட் என்றால் வீரனுக்குரிய மிடுக்கு இல்லாதவன்’ என்று ஒருநாள் வகுப்பில் அழகாக விளக்கினேன். வகுப்பே ரசித்தது. அத்தனையும் தப்பு. அது சீப்பைக் குறிக்கும் கோம்ப் என்ற சொல்லின் குடும்பம். வாராத தலை என்பதுதான் பொருள். இன்னொரு கெம்ப்பும் உண்டு. ஆட்டு மயிரில் ஊடே கிடக்கும் முரட்டு இழைக்கும் கம்பளித் தொழிலில் கெம்ப் என்றே பெயர். மற்ற இழை சாயத்தைக் குடிக்கும்போது இது மட்டும் சரியாகக் குடிக்காமல் வெளிறி நிற்கும். அதன் வேர் மீசையைக் குறித்த பழைய நார்ஸ் சொல். ஆக ஒரே முகம், மூன்று குடும்பம். சந்தையில் நம் ஆள் போலத் தெரிகிறவரையெல்லாம் தோளில் தட்டிச் ‘சித்தப்பா’ என்று கூப்பிடுவோமா? சொல்லிடமும் அந்த மரியாதை வேண்டும். ஊரும் பேரும் விசாரித்த பிறகு உறவு சொல்.

4. தவறென்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடு.

அந்த அன்கெம்ப்ட் கதை அதோடு முடியவில்லை. மறுநாள் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி நூலகத்து அகராதியை இரண்டு கையிலும் சுமந்துகொண்டு வந்தாள். விரலை வைத்துக் காட்டினாள். நான் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. ‘பார்க்கலாம்மா’ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த ஆண்டு அடுத்த வகுப்புக்குச் சரியாக நடத்தினேன். ஆனால் அந்த வகுப்பின் முன் நின்று ‘நேற்று சொன்னது பிழை, இந்தப் பெண் கண்டுபிடித்தாள்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு உண்மை தெரியும், பரவாயில்லை. மற்ற முப்பது பேர்? அவர்களில் பலர் ஆசிரியர்கள் ஆனார்கள். என் பிழையை எந்தெந்த ஊர்ப் பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களோ! ஒரு நிமிஷத்து வெட்கத்தைத் தவிர்க்கப் போய் ஆயுள் முழுக்க உறுத்தலை வாங்கிக்கொண்டேன். நீ அதைச் செய்யாதே, கண்ணு. ‘எனக்குத் தெரியவில்லை’, ‘நான் சொன்னது தப்பு’ — இந்த இரண்டு வாக்கியமும் நாக்கில் தடையில்லாமல் வரப் பழக்கிக்கொள்.

5. ஒரு சொல்லை அதன் கூட்டத்தோடு சேர்த்துப் பார்.

பியோவுல்ஃப் படிக்கப் போகிறாய். 3182 அடிகள். கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுப் பழமையான ஒரே ஒரு கைப்பிரதியில் பிழைத்து வந்த காவியம். 1731-இல் லண்டனில் அது இருந்த வீடு தீப்பற்றியபோது ஏட்டின் ஓரங்கள் கருகின. அதன்பின் தொடத் தொட ஓரத்து எழுத்துகள் உதிர்ந்தன. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் ஒவ்வோர் ஏட்டுக்கும் சட்டம் கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதில் வீரனுக்குக் கெம்பா மட்டுமா இருக்கிறது? பேயோர்ன், விகா, செட்ஜ், ரிங்க், ஃப்ரெகா, ஹலெத், குமா என்று ஒரு படையே நிற்கிறது. அந்தப் பாட்டு மோனையால் நடப்பது. அடியின் இரு பாதிகளையும் சொல்லின் முதல் ஒலிதான் கட்டிப்போடும். ககரம் வேண்டிய இடத்தில் கெம்பா, பகரம் வேண்டிய இடத்தில் பேயோர்ன். மோனை அறிந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். நான் இதை உணராமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பதவி கொடுத்தேன்: ஒருவன் தளபதி, ஒருவன் காலாள், ஒருவன் மெய்க்காப்பாளன். கவி ஓசைக்காக எடுத்த சொல்லில் நான் உத்தியோகப் படிநிலையைத் தேடினேன். அதே சமயம் எல்லாம் ஒன்றுதான் என்று தள்ளிவிடவும் கூடாது. ஃப்ரெகாவில் ஒரு பசித்த வேகம் இருக்கும், குமாவில் வெறும் மனிதன் இருப்பான். காது முதலில், கருத்து அதன் பின்னாலேயே.

6. அகராதியை வணங்கு, ஆனால் அது மனிதர் செய்தது என்பதை மறவாதே.

ஜோசப் பாஸ்வொர்த் தம் பழைய ஆங்கில அகராதியை வெளியிட்டது 1838-இல். அதை டாலர் என்பவர் எடுத்து விரித்து 1898-இல் முடித்தார். முடித்தவரே உட்கார்ந்து 1921-இல் ஒரு தடித்த பிற்சேர்க்கை போட்டார். பெரிய உழைப்பாளி தன் வேலையைத் தானே திருத்துவதைப் பார்த்தாயா? ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்கு ஜேம்ஸ் மர்ரே 1879-இல் ஆசிரியரானார். தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஊர் ஊராக மக்கள் எழுதி அனுப்பிய துண்டுச் சீட்டுகளை அடுக்கி வைத்து வேலை செய்தார். முதல் பகுதி 1884-இல் வந்தது. அவர் 1915-இல் இறந்தார். அகராதி முடிந்தது 1928-இல். தான் முடிக்கப் போவதில்லை என்ற வேலையை ஒழுங்காகச் செய்வது எவ்வளவு பெரிய குணம்! அவர்கள் சொல்லுக்குப் பக்கத்தில் போடும் சிறு குறிப்பையும் விடாமல் படி. ‘பழைய வழக்கு’ என்றால் படிப்பவருக்குப் புரியும், பேச்சில் வராது. ‘வழக்கொழிந்தது’ என்றால் ஆயுள் முடிந்தது. ‘வட்டார வழக்கு’ என்றால் எங்கோ ஒரு கிராமத்தில் மூச்சு இருக்கிறது. கெம்ப்புக்கு இந்த மூன்று குறிப்புமே வெவ்வேறு பொருளுக்குப் பொருந்தும். நான் வெகுகாலம் பொருளை மட்டும் படித்தேன், குறிப்பை விட்டுவிட்டேன். மருந்தை வாங்கிக்கொண்டு சீட்டை எறிந்தவன் கதைதான்.

7. வாளைத் தேடும் கண்ணுக்கு மனிதன் தெரியாமல் போகலாம்.

கத்லக் என்று ஒருவர். இங்கிலாந்தின் மெர்சியா நாட்டவர். பதினைந்து வயதில் ஆயுதம் எடுத்து ஒன்பது வருஷம் கொள்ளையும் சண்டையுமாய்த் திரிந்தவர். இருபத்துநாலு வயதில், ஒரு நாள் இரவில், எல்லாம் வெறுத்துப்போய் ரெப்டன் மடத்தில் சேர்ந்தார். அந்த மடத்துக்குத் தலைமை ஒரு பெண் துறவி. பின்னர் கிரௌலாண்டில் சதுப்பு நிலத்து நடுவே தனியே குடிசை போட்டு, 714-இல் இறக்கும் வரை தவம் இருந்தார். அவரைப் பற்றிய பழைய ஆங்கிலப் பாட்டு அவரை எப்போது கெம்பா என்கிறது தெரியுமா? வாள் பிடித்திருந்த காலத்தில் இல்லை. கிறிஸ்துவின் கெம்பா என்று கூப்பிடுவது, வாளைக் கீழே போட்டு, பயத்தோடும் சோர்வோடும் தன் ஆசைகளோடும் ஒண்டியாய் மல்லுக்கு நின்ற பிறகு. முதன்முறை இதைப் படித்தபோது அலங்காரச் சொல் என்று நினைத்து வேகமாகக் கடந்துவிட்டேன். என் மனைவி நோயில் விழுந்த வருஷம் மறுபடி படித்தேன். இரவில் விழித்திருப்பவனுக்குத்தான் அந்தச் சொல்லின் கனம் தெரிகிறது. படித்ததையே பத்து வருஷம் கழித்து மறுபடி படி. புத்தகம் அப்படியே இருக்கும், நீ வளர்ந்திருப்பாய்.

8. சொல் ஏட்டில் செத்தால் வயலில் தேடு.

காவியத்தோடு கெம்ப் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அது வடக்கே ஸ்காட்லாந்து வயல்களில் அரிவாளோடு நின்றுகொண்டிருந்தது. அறுவடையில் ஆளுக்கொரு பாத்தியாக இறங்கி, யார் முதலில் அக்கரை சேர்வது என்று போட்டி போட்டு அறுப்பதற்கு அங்கே கெம்ப் என்று பெயர். அப்படி அறுப்பவர் கெம்பர். ஜான் ஜேமிசன் 1808-இல் வெளியிட்ட ஸ்காட்டிய மொழி அகராதியில் இதைப் பதிந்திருக்கிறார். பிள்ளைகள் கையிலும் அந்தச் சொல் இருந்தது. வயலோரம் முளைக்கும் ஒருவகைப் பூண்டு, நீளத் தண்டின் நுனியில் கறுத்த தலையோடு நிற்கும். ஆளுக்கொரு தண்டைப் பறித்து, ஒருவன் நீட்ட மற்றவன் ஓங்கி அடிப்பான். தலை அறுந்த தண்டு தோற்றது. அந்தத் தண்டுகளுக்கும் கெம்ப் என்று பெயர். இதைப் படித்த அன்று நான் எட்டு வயதுப் பையனாகிவிட்டேன். செம்மயிற்கொன்றை மொட்டைப் பிரித்து, உள்ளேயிருக்கும் கேசரங்களைக் கொக்கி போல மாட்டி இழுத்து, யாருடைய தலை அறுகிறது என்று உன் அப்பாவும் நானும் பள்ளிக்கூடத்துச் சுவரோரம் எத்தனை சண்டை போட்டிருக்கிறோம்! அரசர்கள் கைவிட்ட சொல்லைக் குழந்தைகள் காப்பாற்றுவார்கள். ஆகவே பாமரர் பேச்சைக் காது கொடுத்துக் கேள். அது கொச்சை இல்லை, கருவூலம்.

9. சொல்லின் அந்தஸ்தைக் கண்டு மயங்காதே, இரங்கவும் செய்யாதே.

போர்வீரன் அறுப்புக்காரன் ஆனான் என்று முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு மற்ற சொற்களைப் பார்த்தேன். நைட் என்று வாளும் கவசமுமாய் நாம் கற்பனை செய்கிறோமே, அந்தச் சொல் பழைய ஆங்கிலத்தில் பையன், வேலைக்காரப் பையன் என்றுதான் இருந்தது. மார்ஷல் என்பதைப் பிரித்தால் குதிரை பார்க்கும் வேலையாள். குமா என்ற அந்த மனிதன் இன்று கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாக, பிரைட்குரூம் என்ற சொல்லின் வாலில், வடிவம் மாறி ஒட்டிக்கொண்டிருக்கிறான். கெம்ப் குடும்பப் பெயராகியும் வாழ்கிறது. ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் மக்களைச் சிரிக்கவைத்த நடிகர் வில்லியம் கெம்ப் 1600-இல் லண்டனிலிருந்து நார்விச் வரை, நூறு மைலுக்கு மேல், ஆடிக்கொண்டே போனார். வழியில் ஓய்ந்த நாட்கள் நீங்கலாக, ஆடிய நாட்கள் ஒன்பது. வீரன் என்ற பெயரைச் சுமந்த அவர் கையில் வாள் இல்லை, காலில் சலங்கை இருந்தது. மேட்டில் இருந்தது பள்ளத்துக்கும் பள்ளத்தில் இருந்தது மேட்டுக்கும் வரும். சொல்லுக்கே அப்படியென்றால் மனிதருக்குச் சொல்ல வேண்டுமா? பதவியில் இருப்பவரிடம் எப்படிப் பேசுகிறாயோ, நூலகத்தில் புத்தகம் எடுத்துத் தருபவரிடமும் அப்படியே பேசு.

10. ஒப்புமையைக் கண்டு மகிழ், அதை உறவாக்கிவிடாதே.

களம் என்றால் நமக்குப் போர்க்களம், நெற்களமும் களம்தான். போர் என்றால் யுத்தம், வைக்கோற்போரும் போர்தான். மள்ளர் என்ற பழஞ்சொல் வீரரையும் குறிக்கும், உழவரையும் குறிக்கும். போர்க்களத்தை ஏர்க்களமாகவே பாடிய மரபு நம்முடையது. அங்கே கெம்ப்பும் போரிலிருந்து அறுவடைக்கு நடந்து போயிருக்கிறதே என்று பார்த்தால் உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். அந்தச் சிலிர்ப்பில் நான் ஒரு கட்டுரை எழுதி, இரண்டு மொழிக்கும் ஆதியில் ஏதோ தொடர்பு என்கிற அளவுக்குப் போய்விட்டேன். ஆதாரம் ஒன்றும் கிடையாது, ஆசை மட்டும்தான். அச்சில் வந்ததை இன்று நினைத்தாலும் வலிக்கிறது. உழுது அறுத்து வாழ்ந்தவர்களும் அவர்களே, கூப்பிட்டால் ஆயுதம் எடுத்தவர்களும் அவர்களே. அதனால் இரண்டு மக்களுக்கும் ஒரே மாதிரி உவமை தோன்றியது. அதுவே போதுமான அதிசயம் இல்லையா? நம் மொழி பெரியது. பொய்யான சொந்தம் சொல்லி அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

11. பழஞ்சொல்லைப் பகட்டுக்கு எடுக்காதே.

இதைச் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு சிற்றூரில் நடுகல் ஒன்று. மாடுகளை மீட்கப் போய் இறந்தவனுக்கு ஊரார் நட்டது. அதன் செய்தியை ஆங்கிலத்தில் ஒரு சிறு பலகைக்காக எழுதிக் கேட்டார்கள். பழைய கல்லுக்குப் பழைய சொல் பொருத்தம் என்று நினைத்து, வீரன் என்ற இடத்தில் கெம்ப் என்று போட்டேன். பலகை எழுதியவர் பெரிய எழுத்தில் தொடங்கிவிட்டார். சில மாதம் கழித்து அங்கே போனபோது, சுற்றிப் பார்க்க வந்த பிள்ளைகள் ‘கெம்ப் என்கிற வெள்ளைக்காரர் இங்கே செத்துப்போனாராம்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெயர் பொறிக்காத அந்த மனிதனிடம் இருந்தது ‘வீரன்’ என்ற ஒரே அடையாளம். அதையும் நான் அழித்துவிட்டேன். சொந்தச் செலவில் பலகையை மாற்றினேன், ஆனால் மனசு ஆறவில்லை. பழஞ்சொல்லுக்கு இடம் உண்டு. பழம்பாட்டை மொழிபெயர்க்கையில், அந்தக் காலத்துக் கதை எழுதுகையில், ஸ்காட்டிய அறுவடையைப் பற்றிச் சொல்கையில் அது தன் வீட்டில் இருக்கும். அறிவிப்புப் பலகையில், இரங்கல் கடிதத்தில், விண்ணப்பத்தில் அது வழிதவறிய குழந்தை. எழுதுமுன் ஒன்று கேட்டுக்கொள்: படிப்பவருக்காக இந்தச் சொல்லை எடுக்கிறேனா, எனக்குத் தெரியும் என்று காட்டவா?

12. முந்த நினைக்காதே.

ஸ்காட்லாந்தில் ஒரு பழமொழி உண்டு: எல்லாக் கதிரையும் கெம்பர்களே அறுத்ததில்லை. போட்டிக்கு அறுக்கிறவன் சிலசமயம் முதலில் அக்கரை சேர்வான். பின்னால் தாள் மேடுபள்ளமாய் நிற்கும், கதிர் சிதறிக் கிடக்கும். களத்துக்கு வந்து சேரும் தானியத்தில் பெரும்பங்கு, நிமிராமல் குனிந்து தன் போக்கில் அறுத்தவர்கள் கொண்டுவந்தது.

எனக்கு ஒரு சக ஆசிரியர் இருந்தார். மாணவர்களுக்காகப் பழைய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் ஒரு கையேடு செய்ய இருவரும் முடிவு செய்தோம். பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். என் பாதியை ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிட்டு, நான் முடித்ததை எல்லாரிடமும் சொன்னேன். அவர் இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டார். ஒரு சொல்லுக்காக நாலு மணி நேரம் பஸ்ஸில் போய் வேறொரு நூலகத்தில் பார்த்துவிட்டு வருவார். ‘இன்னும் முடியலையா?’ என்று நான் கேட்கும்போதெல்லாம் சிரிப்பார். கையேடு வகுப்புக்கு வந்த பிறகு என் பக்கங்களில் திருத்தம் மேல் திருத்தம் ஏறியது. அவர் பக்கங்களில் கை வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

அவர் இறந்த பின் அவர் மகன் அந்த மூல நோட்டை என்னிடம் கொடுத்தான். கெம்ப் என் பாதியில் இருந்த சொல். ‘வீரன்’ என்று ஒரே வார்த்தை, மையில், அழுத்தி எழுதியிருந்தேன். அதன் ஓரத்தில் அவர் கையெழுத்தில், பென்சிலால், மிகச் சிறியதாக ‘அறுவடை?’ என்று இருந்தது. கேள்விக்குறியோடு. அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் முகம் வாடக் கூடாதென்று வாயால் சொல்லாமல், நானே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார். அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்த பிறகுதான் ஜேமிசனின் அகராதியைத் தேடிப் போனேன். எட்டாவதில் உனக்குச் சொன்ன வயலும் பூண்டும் பிள்ளைகளும் எல்லாம் அவர் எனக்குக் காட்டிவிட்டுப் போனவை.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான், மகளே. கெம்ப் என்றால் வீரன். களத்தில் நிற்பவன், தன்னோடு போராடுபவன், கதிர் அறுப்பவன். எப்போது எந்தப் பொருள் என்பதை அது வரும் இடம் சொல்லும்; அதைக் கேட்கிற பொறுமைதான் நீ சேர்க்க வேண்டிய சொத்து.

அந்த நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். அட்டை கழன்றிருக்கிறது, பார்த்துப் பிரி. என் பக்கங்களில் ஓரத்தில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. பென்சிலால் எழுது.

அன்புடன்,
பெரியப்பா